1958 அவுட்போர்டு மோட்டார்: முழு வேகத்தில் இரண்டு நிமிடம் ஓடும், அப்புறம் அடங்கிவிடும்

துடுப்பு58

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது படகின் பின்னால் மாட்டும் 1958 மாடல் ஜான்சன் 10 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். தனி இரும்பு டேங்க், அதிலிருந்து இரட்டைக் குழாய் மோட்டாருக்கு வரும். பல வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்த மோட்டார். நான் எடுத்தபோது கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் பழைய பெட்ரோல் தேன் மாதிரி இறுகிப்போய் இருந்தது.

கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்துவிட்டேன். கேஸ்கெட், கிண்ணத்துக்கு வரும் பெட்ரோலை அடைக்கும் ஊசி, அது உட்காரும் சீட் எல்லாம் புதிய கிட்டிலிருந்து போட்டேன். தண்ணீர் டிரம்மில் வைத்து இழுத்தால் மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொள்கிறது, மெதுவோட்டத்தில் கொஞ்சம் தடுமாறினாலும் நிற்பதில்லை. ஏரிக்குக் கொண்டுபோனால்தான் வினை. த்ராட்டிலை முழுசாகத் திறந்தால் இரண்டு நிமிடம் அருமையாகப் பறக்கிறது, அப்புறம் யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி வேகம் குறைந்து குறைந்து நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடம் சும்மா மிதந்துவிட்டு மறுபடி இழுத்தால் கிளம்பும், இரண்டு நிமிடத்தில் மறுபடி அதே கதை.

முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவை வைக்கும் அதிவேக ஊசியை ஒரு சுற்றிலிருந்து இரண்டரைச் சுற்று வரை திறந்து பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. கம்ப்ரெஷன் இரண்டு சிலிண்டரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூன்றாவது முறை கழற்றுவதா? நேற்று துடுப்புப் போட்டே கரைக்கு வந்தேன், தோள் இன்னும் வலிக்கிறது.

கரிபிளக்

கழற்றுங்கள். இரண்டு முறை சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால் சுத்தம் சரியில்லை என்றுதான் அர்த்தம். உள்ளே இருக்கும் மெல்லிய துளைகளில் படிந்த பிசின் ஸ்ப்ரே அடித்தால் போகாது. அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு எடுங்கள், கம்பி விட்டுக் குத்துங்கள், காற்றடியுங்கள். என் மூன்று மோட்டாரையும் அப்படித்தான் மீட்டேன்.

நங்கூரன்

கார்புரேட்டர் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் பிளக்குக்குப் பொறி தரும் காயிலைப் பார்த்தீர்களா? அந்தக் காலத்து மேக்னெட்டோ காயில்களின் மேலுறை வெடித்துவிடும். குளிர்ச்சியில் நல்ல பொறி வரும், சூடேறினால் பொறி செத்துவிடும், ஆறினால் மறுபடி உயிர் வரும். நீங்கள் சொல்வதும் அப்படித்தானே இருக்கிறது? மோட்டார் நின்ற உடனே, சூடு ஆறுவதற்குள், ஸ்பார்க் டெஸ்டர் மாட்டி இழுத்துப் பாருங்கள். 6 மில்லிமீட்டர் இடைவெளியைப் பளிச்சென்று தாண்ட வேண்டும். பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை, அதான் பாயின்ட், அதன் இடைவெளி 0.020 அங்குலம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பழையஊசி

தம்பி, ஸ்பேனரைக் கீழே வையுங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது.

காயில் செத்தால் மோட்டார் சுவிட்ச் போட்ட மாதிரி வெட்டிக்கொண்டு நிற்கும், இல்லாவிட்டால் ஒரு சிலிண்டர் விழுந்து மற்றதில் முக்கிக்கொண்டு ஓடும். நீங்கள் சொல்வது வேகம் "குறைந்து குறைந்து" நிற்பதை. அது பசியில் சாகிற மோட்டார். நங்கூரன் சொன்ன டெஸ்ட்டையும் செய்யுங்கள், ஒரு நிமிட வேலைதான், ஆனால் என் சந்தேகம் அங்கே இல்லை.

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 10 குதிரைத்திறன் பழைய டூ ஸ்ட்ரோக் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 4 லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்கு 65 மில்லி. மெதுவோட்டத்தில் அதில் சின்னப் பங்குதான் வேண்டும், அதனால் டிரம்மில் வைத்து எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. ஏரியில் முழு வேகத்துக்குப் போகும்போது கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலும் குழாயில் ஒழுகி வருகிற கொஞ்சமும் சேர்ந்து இரண்டு நிமிடம் தாங்குகிறது, அப்புறம் கிண்ணம் காலி. ஐந்து நிமிடம் நீங்கள் மிதக்கும்போது அது மெதுவாக நிரம்பிவிடுகிறது. ஊசியை இரண்டரைச் சுற்று திறந்தும் ஏன் மாறவில்லை என்று இப்போது புரியும். கிண்ணத்திலேயே இல்லாதபோது வாசலை அகலமாகத் திறந்து என்ன பயன்?

அடுத்த முறை ஏரியில் வேகம் இறங்க ஆரம்பித்ததும், முழுசாக நிற்பதற்குள், இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில் சோக்கை, அதாவது காற்றைக் குறைத்துப் பெட்ரோலை அதிகம் இழுக்க வைக்கும் தகட்டை, பாதி இழுங்கள். என்ன ஆகிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஓட்டத்தில் சோக்கைத் தொடாமல், டேங்கின் தலையில் இருக்கும் பிரைமர் பொத்தானை நாலைந்து முறை அமுக்குங்கள். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் சேர்த்துச் செய்து குட்டையைக் குழப்ப வேண்டாம். வந்து சொல்லுங்கள்.

கரிபிளக்

டேங்க் பொத்தான் முதல் ஸ்டார்ட்டுக்குத்தானே? ஓடும்போது அதற்கு என்ன வேலை?

பழையஊசி

சாதாரணமாக வேலை இல்லை, அதனால்தான் அது நல்ல சோதனை. இந்த மாடலில் பெட்ரோல் பம்ப் என்று தனியாக ஒன்று கிடையாது. மோட்டாரின் கிராங்க்கேஸில், அதாவது பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் அறையில், பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது உண்டாகும் அழுத்தத்தில் கொஞ்சத்தை ஒரு ஒருவழி வால்வு வழியாக எடுத்து, இரட்டைக் குழாயின் ஒரு பாதியில் டேங்குக்குள் அனுப்புவார்கள். டேங்க் இறுக்கமாக மூடியிருப்பதால் அந்தக் காற்று பெட்ரோலை அமுக்கி இன்னொரு பாதி வழியாக மோட்டாருக்குத் தள்ளும். காற்று எங்கே கசிந்தாலும் தள்ளுகிற கை தளர்ந்துவிடும். பொத்தானை அமுக்கினால் அந்தத் தள்ளலை நீங்கள் கையால் செய்கிறீர்கள்.

துடுப்பு58

இன்று காலை போய்ப் பார்த்தேன்.

முதல் ஓட்டம்: வேகம் இறங்கியதும் சோக்கைப் பாதி இழுத்தேன். நாலைந்து விநாடி சீறிக்கொண்டு எழுந்தது, அப்புறம் படுத்துவிட்டது. உடனே டெஸ்டர் மாட்டிப் பார்த்தேன், இரண்டு பிளக்கிலும் நீலப் பொறி, 6 மில்லிமீட்டரைச் சுலபமாகத் தாண்டுகிறது.

இரண்டாவது ஓட்டம்: பொத்தான். ஐந்து முறை அமுக்கினேன், பழைய வேகத்துக்கு அப்படியே எழுந்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடி மறுபடி தளர்ந்தது, மறுபடி அமுக்கினேன், மறுபடி எழுந்தது. ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் டேங்க் பொத்தான், இப்படியே கரை வரை வந்துவிட்டேன். இந்த முறை துடுப்பைத் தொடவில்லை!

பழையஊசி

அப்படியென்றால் பொறி சரி, அதிவேக ஜெட் வழியும் சரி. அடைத்த ஜெட்டாக இருந்தால் பொத்தானை எவ்வளவு அமுக்கினாலும் மோட்டார் எழுந்திருக்காது. கோளாறு டேங்க் பக்கம்.

டேங்க் மூடியைத் திறந்தபோது "உஸ்" என்று சத்தம் வந்ததா? ஓடி வந்த டேங்க் என்றால் வர வேண்டும். (திறக்கும்போது எப்போதும் மெதுவாகத் திருகி அழுத்தத்தை முதலில் வெளியேற விடுங்கள். அழுத்தம் நிரம்பிய டேங்கைச் சட்டென்று திறந்தால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். பக்கத்தில் நெருப்பு, சிகரெட் எதுவும் கூடாது.)

சத்தம் வரவில்லை என்றால் சோப்புத் தண்ணீரை மூடியைச் சுற்றி, டேங்க் தலையில் திருகி இருக்கும் பகுதியின் கேஸ்கெட்டைச் சுற்றி, குழாய் இணைப்புகளில் தடவுங்கள். கொப்புளம் எங்கே வருகிறது பாருங்கள். அங்கெல்லாம் சரி என்றால், மோட்டார் காற்றை அனுப்புகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன டப்பாவில் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றி, கார்புரேட்டரை விட உயரத்தில் கட்டி, தானாக இறங்கும்படி குழாய் கொடுத்து மோட்டாரை ஓட்டுங்கள். ஓடும்போது மோட்டாரின் காற்று வாயில் விரலை வைத்தால் துடிப்போடு அழுத்தம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒருவழி வால்வு போயிருக்கிறது.

அலைமேல்அலை

ஏன் இவ்வளவு தலைவலி? அந்த டேங்கையே தூக்கிப் போட்டுவிட்டு நடுவில் பல்ப் இருக்கும் ஒற்றைக் குழாய் டேங்கை மாட்டிவிடலாமே. எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பழையஊசி

மாட்டலாம், ஆனால் "மாட்டிவிட்டால்" மட்டும் போதாது. பல்ப் என்பது முதலில் கிண்ணத்தை நிரப்பத்தான். ஓடும்போது இழுக்க ஒரு பம்ப் வேண்டும், இந்த மோட்டாரில் அது இல்லை. பல்பை ஓட்டம் முழுக்கப் பிசைந்துகொண்டே போக வேண்டியதுதான். முறையாக மாற்ற வேண்டும் என்றால் டயாப்ரம் பம்ப் ஒன்று பொருத்தி, கிராங்க்கேஸ் துடிப்பு பம்புக்குப் போகும்படி அந்த ஒருவழி வால்வுகளை எடுத்துவிட்டு, இணைப்பை ஒற்றையாக்க வேண்டும். செய்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், நன்றாகவே ஓடுகிறது. எனக்கு அந்தப் பழைய டேங்க்தான் பிடிக்கும், அது என் பைத்தியம்.

நங்கூரன்

காயில் விஷயத்தில் நான் சொன்னது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஒரு சின்ன விஷயம் மட்டும். டேங்கைத் திறக்கும்போது அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அரை மணி நேரம் வையுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒரு கட்டத்தில் பிரிந்துவிடும். அடியில் தனிப் படலம் தெரிந்தால் அந்தப் பெட்ரோல் மோட்டாருக்கு ஆகாது.

துடுப்பு58

மூடி திறந்தேன். சத்தம் இல்லை. பாட்டிலில் படலம் எதுவும் இல்லை, பெட்ரோல் நல்லதுதான்.

சோப்புத் தண்ணீர் போட்டதும் மூடியின் ஒரு பக்கம் நுரைத்துத் தள்ளியது. மூடிக்குள் இருந்த கேஸ்கெட்டை நகத்தால் நெம்பினால் ரப்பர் மாதிரி வரவில்லை, உடைந்த ஓடு மாதிரி மூன்று துண்டாக வந்தது. விளிம்பில் ஒரு இடத்தில் நகம் நுழையும் அளவுக்குப் பள்ளம். இதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்திருக்கிறேன்.

பெட்ரோல் தாங்கும் ரப்பரில் புதியது வெட்டிப் போட்டேன், டேங்க் தலையின் கேஸ்கெட்டையும் மாற்றினேன். இன்று ஏரியில் முழு வேகத்தில் பத்து நிமிடம்! நிற்கவே இல்லை. மூடியைத் திறந்தபோது நல்ல சீற்றம்.

ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. இப்போது மெதுவோட்டத்துக்குக் கொண்டுவந்தால் கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது. புகை அதிகம், பத்து விநாடியில் மூச்சுத் திணறி நின்றுவிடுகிறது. பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக, ஈரமாக, சொதசொதவென்று இருக்கிறது. அழுத்தம் அதிகமாகிவிட்டதா?

பழையஊசி

அழுத்தம் இப்போதுதான் சரியாகியிருக்கிறது. கிண்ணம் நிரம்பியதும் மிதவை எழும்பி ஊசியால் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் வால்வு முன்பே கெட்டிருக்கிறது, டேங்க் வலு இல்லாமல் தள்ளியதால் அது வெளியே தெரியவில்லை. ஒரு நோய் இன்னொன்றை மூடி மறைத்திருக்கிறது. ஆரம்பத்தில் "மெதுவோட்டத்தில் கொஞ்சம் தடுமாறுகிறது" என்று எழுதினீர்களே, அதை நானும் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

ஊசியும் சீட்டும் புதிது என்றீர்கள். ஃப்ளோட்? அது கிட்டில் பெரும்பாலும் வராது. இந்த வருடத்து மோட்டாரில் தக்கை ஃப்ளோட்தான் இருக்கும். அதன் மேல் பூச்சு நன்றாக இருக்கிறதா? சுத்தம் செய்தபோது அதை என்ன செய்தீர்கள்?

துடுப்பு58

சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் முறை சுத்தம் செய்தபோது எல்லாவற்றையும், ஃப்ளோட்டையும் சேர்த்து, கார்புரேட்டர் கிளீனரில் ஒரு ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன்.

கரிபிளக்

ஐயோ.

பழையஊசி

பரவாயில்லை, நானும் ஒரு காலத்தில் செய்ததுதான். தக்கைக்கு மேலே பழைய ஷெல்லாக் பூச்சு இருக்கும். ஆல்கஹால் அதைக் கரைக்கும், இன்றைய பெட்ரோலில் இருக்கும் எத்தனாலே அதற்குப் போதும், கிளீனர் பட்டால் மிச்சமும் போய்விடும். பூச்சு போனதும் தக்கை பெட்ரோலைக் குடிக்க ஆரம்பிக்கும், கனக்கும், மிதக்க வேண்டிய உயரத்துக்கு எழும்பாது. ஊசி சீட்டை அடைக்காது. டேங்க் தள்ளிக்கொண்டே இருக்கும், கிண்ணம் வழியும்.

கழற்றி விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஈரம் கசிந்தாலோ, பூச்சு உரிந்து கறுப்புத் திட்டுகள் இருந்தாலோ போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். காய வைத்து, பெட்ரோல் தாங்கும் பூச்சு பூசி மறுபடி பயன்படுத்துகிறவர்கள் உண்டு. புதியது கிடைத்தால் அதையே போடுங்கள், இது பிடிவாதம் பிடிக்கிற இடமில்லை.

போடும்போது உயரம் முக்கியம். கார்புரேட்டர் உடலைத் தலைகீழாகப் பிடியுங்கள், ஃப்ளோட் தன் எடையிலேயே ஊசி மேல் உட்கார வேண்டும், அப்போது அதன் மேல்பரப்பு உடலின் விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் பித்தளைக் கையை மிக மிக மெதுவாக வளையுங்கள். வளைக்கும்போது ஃப்ளோட்டை ஊசி மேல் வைத்து அமுக்காதீர்கள், ஊசி முனை நசுங்கும். சரியாக உட்கார்ந்ததும் நுழைவாயில் குழாயில் வாயால் லேசாக ஊதுங்கள். தலைகீழாக இருக்கும்போது காற்று போகக்கூடாது, நிமிர்த்தினால் போக வேண்டும்.

இன்னும் இரண்டு இடம். நடுவில் இருக்கும் அதிவேக நாசிலுக்கு அடியில் ஒரு சின்ன கேஸ்கெட் உண்டு. கழற்றுகிறவர்கள் அதைக் கவனிக்காமல் விடுவார்கள், அது இல்லாவிட்டால் முழு வேகத்தில் கலவை எப்படித் திருகினாலும் நிலைக்காது. இரண்டாவது, ஊசிகளைச் சுற்றி இருக்கும் பேக்கிங் வளையங்கள். அவை காய்ந்திருந்தால் அவற்றின் வழியாகக் காற்று உள்ளே போகும், நீங்கள் வைத்த அளவு ஓடும்போதே நடுக்கத்தில் தானாகத் திரும்பியும்விடும். ஊசியைத் திருகினால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும், லொடலொடவென்று சுற்றக்கூடாது.

கரிபிளக்

மெல்லிய துளைகள் பற்றி நான் சொன்னதையும் விட்டுவிட வேண்டாம். த்ராட்டில் தகட்டுக்கு மேலே ஒரு வட்டத் தகடு அடைப்பு இருக்கும், அதன் அடியில்தான் மெதுவோட்டத் துளைகள். அங்கே படியும் பிசின் எந்த ஸ்ப்ரேக்கும் அசையாது. அடைப்பை நடுவில் குத்தி நெம்பி எடுத்து, துளைகளைச் சுத்தம் செய்து, புதிய தகட்டை வைத்து நடுவில் ஒரு தட்டுத் தட்டினால் விரிந்து பிடித்துக்கொள்ளும். ஃப்ளோட்டை வெளியே எடுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று இனி நானும் சேர்த்துச் சொல்வேன்.

அலைமேல்அலை

புகை அதிகம் என்றால் ஆயிலைக் குறையுங்கள். இப்போதெல்லாம் எல்லாமே 50:1, ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் தானே.

நங்கூரன்

இந்த மோட்டாருக்கு வேண்டாம். இது ரோலர் பேரிங் இல்லாத இடங்களில் வெண்கல புஷ்ஷில் சுற்றுகிற வடிவம், 24:1 வேண்டும். பத்து லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 415 மில்லி, டிசி-டபிள்யூ3 தரம் போட்ட அவுட்போர்டு ஆயில். புகை ஆயிலால் வருவதில்லை, கிண்ணம் வழிவதால் வருகிறது. புகையைக் குறைக்கிறேன் என்று ஆயிலைக் குறைத்தால் கிராங்க் பிடித்துக்கொள்ளும்.

துடுப்பு58

ஃப்ளோட்டைக் கழற்றினேன். விரலால் அழுத்தினால் ஈரப் பஞ்சு மாதிரி பெட்ரோல் கசிந்தது. புதியது போட்டாயிற்று, உயரம் வைத்தாயிற்று, ஊதிப் பார்த்தாயிற்று. நாசில் கேஸ்கெட்டை நான் போடவே இல்லை, கிட் உறைக்குள்ளேயே கிடந்தது, என்ன என்று தெரியாமல் ஒதுக்கி வைத்திருந்தேன். வட்டத் தகட்டையும் எடுத்தேன். கீழே இருந்த மூன்று துளைகளில் ஒன்றில்தான் வெளிச்சம் தெரிந்தது, மற்ற இரண்டும் அரக்கு வைத்த மாதிரி மூடியிருந்தன. கரிபிளக் அவர்களே, இது உங்கள் கணக்கில்.

இனி ஊசிகளை எப்படி வைப்பது? குத்துமதிப்பாகத் திருகி ஏமாந்தது போதும்.

பழையஊசி

இரண்டு ஊசியையும் மெதுவாக, சீட்டில் தொடும் வரை மட்டும் உள்ளே திருகுங்கள், இறுக்கினால் முனையில் பள்ளம் விழும். அங்கிருந்து கீழ் ஊசியை, அதாவது அதிவேக ஊசியை, ஒரு சுற்று திறந்து வையுங்கள். மேல் ஊசி, மெதுவோட்ட ஊசி, ஒன்றரைச் சுற்று. இது கிளம்புவதற்கான அளவுதான்.

டிரம்மில் வைத்துக் கடைசி அளவு வைக்காதீர்கள், அங்கே புரொப்பல்லருக்குச் சரியான சுமை கிடைக்காது. ஏரியில் ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். முதலில் முழு வேகத்தில் கீழ் ஊசியை எட்டில் ஒரு சுற்று உள்ளே திருகி, பத்துப் பதினைந்து விநாடி காத்திருங்கள். மோட்டார் மாற்றத்தை உடனே காட்டாது, அவசரப்பட்டால் அளவைத் தாண்டிப் போய்விடுவீர்கள். வேகம் ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் தளரும் அல்லது கார்புரேட்டர் வழியாகத் தும்மும். தும்மியதும் கால் சுற்று வெளியே எடுத்து நிறுத்துங்கள். அதற்கு மேல் கஞ்சத்தனம் வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் அதோடு கலந்த ஆயிலும் குறைகிறது, பிஸ்டன் வெந்துவிடும்.

அப்புறம் கியரில் போட்டபடியே மெதுவோட்டத்துக்கு வந்து மேல் ஊசியையும் இப்படியே. தும்மல், அப்புறம் எட்டில் ஒரு சுற்று வெளியே. கடைசியில் மெதுவோட்டத்திலிருந்து சட்டென்று முழுசாகத் திறந்து பாருங்கள். தயங்கித் தும்மினால் மேல் ஊசியை இன்னும் கொஞ்சம் திறங்கள்.

துடுப்பு58

நேற்று மாலை முழுக்க ஏரியில்தான். கீழ் ஊசி முக்கால் சுற்றிலேயே சரியாக நின்றது, இரண்டரைச் சுற்று திறந்து வைத்திருந்தவன் நான்! மேல் ஊசி ஒன்றேகால். முழு வேகத்தில் இருபத்தைந்து நிமிடம் ஓட்டினேன். மெதுவோட்டத்தில் கியரில் போட்டு விட்டுவிட்டு, தூண்டிலுக்கு இரை கோத்து முடிக்கும் வரை சீராகத் தட்டிக்கொண்டே இருந்தது. கார்புரேட்டருக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணி வைத்திருந்தேன், ஒரு சொட்டுக்கூட விழவில்லை. பிளக் இரண்டும் காய்ந்த பழுப்பு நிறம்.

உற்சாகத்தில் இன்று கீழ்ப் பகுதியின் கியர் ஆயில் திருகையும் திறந்துவிட்டேன். பால் மாதிரி வெள்ளையாக வந்தது.

பழையஊசி

தண்ணீர் போயிருக்கிறது, சீல் போய்விட்டது. அதற்குத் தனியாக எழுதுங்கள். அதுவரை மோட்டாரை இறக்காதீர்கள்.